கூப்பிடு தூரத்தில் ஒரு கார்

பிரெஞ்சுக்காரன் காரைக்காலை விட்டுப் போனபோது ஆளுக்கு ஒன்று கிடைத்தது. சிலருக்குப் பதவி, சிலருக்கு ஏமாற்றம், எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய். அப்பாவுக்கு ஒரு கார் கிடைத்தது. அவர் வேலை பார்த்த ஆபீஸில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி கப்பலேறும்போது அதைக் கொண்டுபோக வழியில்லாமல், பழகிய தோஷத்துக்காக ஒரு பேருக்கு விலை வைத்து அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். கறுப்பு வண்டி. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. அதனால் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அம்மாதான் வண்டி ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, ரோட்டில் நெல் காயவைக்கிற பெண்களெல்லாம் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அம்மா கூச்சப்பட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டே கார் ஓட்டுகிற பொம்பளை என்று அதற்கும் ஒரு பேர் வந்தது.

கார் வந்த அதே மாதம் அப்பாவுக்கு ஏழரைச் சனியும் ஆரம்பித்தது. சனி நாலு சக்கரத்தில் வந்து இறங்கியிருக்கிறது என்று அம்மாவின் பிறந்த வீட்டார் கேலி செய்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அவர் பயந்த சுபாவம். பூனை குறுக்கே போனால் காரை நிறுத்திவிட்டு, பூனை திரும்பிப் போகிறதா என்று பார்க்கிற மனிதர். ஏழரை முடிகிறவரை சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு போய், எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, எள் தீபம் போடுவதாக நேர்ந்துகொண்டார்.

திருநள்ளாற்றுக்குப் போவதில் சிரமமில்லை, எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். திரும்பி வருவதில்தான் சட்டம் இருக்கிறது. சனீசுவரனைப் பார்த்துவிட்டு வருகிறவன் வேறு யார் வீட்டு வாசற்படியும் மிதிக்கக் கூடாது. நேரே தன் வீட்டுக்குத்தான் வர வேண்டும். மிதித்தால், அவன் கோவிலில் விட்டுவிட்டு வந்ததாக நினைக்கிற சனி அந்த வீட்டுக்குள் புகுந்துவிடும். எங்கள் பக்கத்தில், நளதீர்த்தத்தில் முழுகிய ஈரத்தலையோடு வருகிறவனைப் பார்த்து யாரும் 'வாங்க' என்று சொல்ல மாட்டார்கள். அவனும் எதிர்பார்க்க மாட்டான். இருபக்கமும் அதை மரியாதை என்றே நினைத்தார்கள்.

ஆனால் அப்பாவுக்குக் கார் இருந்ததே. ஆபீஸ் இருக்கிற நாளெல்லாம் அது கொட்டகையில் தூங்கியது. சனி மத்தியானமும் ஞாயிறும்தான் அவருக்கு ஓய்வு. அதில் பாதியைச் சனீசுவரன் எடுத்துக்கொண்டால், உள்ளடங்கிய ஊர்களில் இருக்கிற உறவுக்காரர்களுக்குக் காரை எப்போது காட்டுவது? அப்பா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். இரவு எங்கே தலை சாய்க்கிறோமோ அதுதான் வீடு. காரில் படுத்தால் கார்தான் வீடு. ஆகவே திருநள்ளாற்றிலிருந்து நேரே காருக்கு வந்து, காரிலேயே இருந்து, காரிலேயே தூங்கி, ஞாயிறு சூரியன் உதித்த பிறகு வாய்க்காலில் குளித்துவிட்டால் யார் வீட்டுக்கும் போகலாம். சாஸ்திரமும் கெடவில்லை, சவாரியும் கெடவில்லை. இதைச் சொன்னபோது அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை. அம்மா மட்டும், "வீடுன்னா காலை நீட்டிப் படுக்க முடியணுங்க" என்றாள்.

முதல் பயணம் குரும்பகரத்துக்கு. அங்கே அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், எனக்குப் பெரியப்பா. காரை அவர்கள் வீட்டுக்கு எதிரே நிறுத்திக்கொண்டு அப்பா இறங்க மறுத்தார். பெரியப்பா வாசலில் நின்று கத்தினார், "சாப்பாட்டையாவது அங்க கொண்டாந்து வெக்கிறோம்டா." அப்பா கண்ணாடி வழியாகக் கத்தினார், "வேணாம்ணே, விடியட்டும்." தெரு முழுதும் கூடிவிட்டது. தம்பிக்காரன் வாசலில் வந்து காரில் முடங்கிக் கிடக்கிறான், அண்ணன்காரன் உள்ளே கட்டிலில் தூங்குகிறான் என்று ஊர் பேசாதா? பெரியம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குப் பிறகு அப்பா ஊருக்குள் நிறுத்துவதை விட்டார். ஊருக்கு வெளியே, நாலு பேர் கண்ணில் படாத மரத்தடியாகப் பார்த்து நிறுத்துவார். நாங்கள் வந்திருப்பது காலையில் ஹாரன் சத்தம் கேட்டால்தான் அவர்களுக்குத் தெரியும்.

எனக்கு அப்போது ஏழு வயது. உலகத்தில் இதைவிட நல்ல விஷயம் ஒன்று இருக்க முடியும் என்று நான் நம்பவில்லை. பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலை வைத்துக்கொண்டு கட்டுச்சோறு தின்பேன். பெட்ரோல் வாசனையும் நல்லெண்ணெய் வாசனையும் கலந்து அடிக்கும். கொசுவுக்காக அம்மா கண்ணாடியில் ஈரத்துண்டைத் தொங்கவிடுவாள். முன்சீட்டில் அப்பா முழங்காலை மடக்கிக்கொண்டு புரளும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சனிக்கிழமை வந்தால் எண்ணெய்க் குளியலுக்குப் பயப்படுவார்கள். நான் திங்கட்கிழமையிலிருந்தே சனிக்கிழமைக்குக் காத்திருப்பேன்.

நெடுங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் அத்தையைக் கட்டிக் கொடுத்திருந்தது. அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டதால் அப்பாவின் தோளிலேயே வளர்ந்தவள். அப்பாவை அதட்டக்கூடிய ஒரே ஆள் உலகத்தில் அவள்தான். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அந்த வருஷம்தான் உண்டாகியிருந்தாள். ஐப்பசியில் வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான் என்பதால், அன்றைக்கே அவளைக் காரைக்காலுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். அடைமழை. ரோடு சேறாகக் கிடந்தது. கார் மதகடியிலேயே சேற்றில் புதைந்து நின்றுவிட்டது; நாலு பேர் தள்ளித்தான் அதைத் திரும்ப எடுக்க வேண்டும், பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிப் போக முடியாது. மாமா, அதாவது அத்தையின் புருஷன், வண்டி கட்டட்டுமா என்று கேட்டார்.

"கார் வெச்சிருக்கிறவன் தங்கச்சி மாட்டு வண்டியில வர்றதா? ரோடு காயட்டும் மாப்பிள்ளை, ராணி மாதிரி அழைச்சிட்டுப் போறேன்" என்றார் அப்பா.

அத்தைக்கும் அதில் ஆசை. வளையல் அடுக்கிய கைகளோடு மதகு வரை எங்களோடு நடந்து வந்து, நின்றுகொண்டிருந்த காரில் ஏறி உட்கார்ந்து, ஹாரனை அமுக்கி அமுக்கிச் சிரித்தாள். "எங்கண்ணன் காருலதான் நான் பிள்ளை பெத்துக்கப் போவேன்" என்று வயிற்றில் கை வைத்துச் சொன்னாள். மாமியார்க்காரி முகத்தைச் சுளித்தாள்.

கார்த்திகையில் ரோடு காய்ந்தது. ஆனால் அது எட்டாம் மாதம், எட்டில் பிள்ளைத்தாய்ச்சி வீடு மாறக் கூடாது. அடுத்தது மார்கழி, மார்கழியில் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். தை பிறக்கட்டும் என்றார்கள். தை பிறந்தது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாள் நன்றாக இருந்தது. சனிக்கிழமை திருநள்ளாறு, ஞாயிற்றுக்கிழமை அத்தை. ஒரே பெட்ரோலில் இரண்டு காரியம் என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

அன்று கோவிலில் கூட்டம். நாங்கள் கிளம்பும்போதே பொழுது சாய்ந்துவிட்டது. அத்தை ஊருக்குத் திரும்புகிற முனையில் ஒரு இலுப்பை மரம் உண்டு. ரோட்டை விட்டுச் சற்று உள்ளே, அறுவடையான வயல் ஓரத்தில், அந்த மரத்தடியில் அப்பா காரை நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் வயல்களுக்கு அந்தப் பக்கம் அத்தை வீடு தெரியும். கூப்பிடு தூரம். தைப்பனி காருக்கு ஆகாது என்று அப்பா டிக்கியிலிருந்து பழைய படுதாவை எடுத்து, கூரையிலிருந்து சக்கரம் வரைக்கும் காரைப் போர்த்தினார். பிறகு நாங்கள் அதற்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டோம். படுதாவுக்குள் இருப்பது எனக்கு இன்னும் பிடித்தது. அம்மா தன் பக்கத்துப் படுதாவைக் கொஞ்சம் தூக்கி, கண்ணாடியை இறக்கிவிட்டு, வீட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மட்டும் ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வர்றேங்க. நாள் நெருங்கின பொண்ணு."

"ஈரத்தலையோட எங்கேருந்து வர்றோம்? புள்ளை பெறப் போற வீட்டுக்குள்ள அதைக் கூட்டிக்கிட்டா போகப் போற?"

அம்மா மறுபடி வீட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து, "வெளக்கு அங்கயும் இங்கயுமா போவுதுங்க" என்றாள்.

"நாளைக்குப் பொண்ணை அனுப்புறாங்கல்ல, பலகாரம் சுடுவாங்க" என்றார் அப்பா.

பலகாரம் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. என்ன பலகாரம் என்று கேட்டேன். அதிரசமாகத்தான் இருக்கும் என்றார். அந்த விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு, இது மாவு இடிக்கிற விளக்கு, இது பாகு காய்ச்சுகிற விளக்கு என்று நான் பிரித்துக்கொண்டேன். அப்பாவும் சிரித்துக்கொண்டே என்னோடு சேர்ந்துகொண்டார். அவர் தங்கை மேல் உயிரையே வைத்திருந்தவர். அந்த வீட்டுக்குள் ஒரு தூசு கெட்டது போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படி முடங்கிக் கிடந்தார். இதைச் சொல்லாவிட்டால் அவரைப் பற்றிச் சொல்கிற எதுவும் நியாயமாகாது.

விடிகிற நேரத்தில் மாட்டுச் சலங்கை கேட்டு விழித்தேன். படுதாவுக்குள் சாம்பல் வெளிச்சம். ஒரு வண்டி எங்களைத் தாண்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. மெல்லவும் இல்லை, வேகமாகவும் இல்லை, பள்ளம் பார்த்துப் பார்த்துப் போகிற சத்தம்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "யாரோ மொனகுறாப்ல இருக்குங்க."

"அச்சுக்கு மசகு போட்டிருக்க மாட்டான். அறுப்புக் காலம், நெல்லு மூட்டை ஏத்திக்கிட்டுப் போவான்."

"படுதாவைத் தூக்கிப் பாக்கட்டுமா?"

"யாரோ ஒருத்தன் வெள்ளனக் கெளம்பிப் போறான். சூரியன் ஏறுறதுக்கு முன்னாடி நம்ம மூஞ்சியில ஏன் முழிக்கணும்? பாவம், போகட்டும்."

சலங்கை போய்விட்டது.

சூரியன் கிளம்பியதும் வாய்க்காலில் குளித்தோம். தண்ணீர் எலும்பைக் குத்தியது. அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் பூவும் பழமும் அத்தைக்கு எடுத்த சேலையும் வைத்தாள். அப்பா படுதாவை உருவி மடித்து, காரைத் துடைத்தார். ஊருக்குள் நுழையும்போதே ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனார். அத்தை ஓடி வருவாள் என்று நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தேன்.

அத்தையின் மாமியார்தான் வந்தாள். தலை கலைந்திருந்தது.

"வழியில பாக்கலியா? உங்க பக்கந்தானே வண்டியில போய்க்கிட்டிருக்காங்க. நேத்து சாயங்காலமே வலி கண்டுடுச்சு. புள்ளை குறுக்கால கெடக்கு, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போகணும்னு மருத்துவச்சி தலையால அடிச்சிக்கிட்டா. அப்பவே வண்டி கட்டச் சொன்னேன். இந்தப் பொண்ணு கேட்டுச்சா? எங்கண்ணன் விடிஞ்சா காரு கொண்டாந்துடும், காருலயே போயிடலாம், வண்டி குலுக்கல் தாங்காதுன்னு பல்லைக் கடிச்சிக்கிட்டுக் கெடந்துச்சு. தாங்காமத்தான் விடியக்கால வண்டி கட்டினோம். நீங்க எந்த வழியா வந்தீங்க?"

அப்பா உடனே காரைத் திருப்பினார். தாம்பாளத்தில் இருந்த வாழைப்பழமெல்லாம் என் காலடியில் உருண்டது.

திருநள்ளாறு எட்டுவதற்கு முன்னால் அந்த வண்டியைப் பிடித்துவிட்டோம். அது ரோட்டோரமாக நின்றது. மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். இரண்டும் கரையில் புல் மேய்ந்துகொண்டிருந்தன. அவசரமாகப் போகிற வண்டியில் மாட்டை அவிழ்க்க மாட்டார்கள் என்பது அம்மாவுக்குத் தெரியும். கார் நிற்பதற்கு முன்பே "ஐயோ" என்று வாயில் அடித்துக்கொண்டாள்.

மாமா தரையில் உட்கார்ந்து துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார். அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கூண்டின் பின்புறத்தைத் தன் பட்டுப்புடவை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றாள். நான் காரை விட்டு இறங்கக் கூடாது என்று அவளே சொல்லியிருந்தும் இறங்கினேன். தட்டிக்கு வெளியே அத்தையின் கை தெரிந்தது. வளைகாப்பு வளையல் ஒன்றுகூட உடையவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

மாமா அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "எப்பங்க கெளம்பினீங்க? இந்தா காரு எதிர்ல வந்துடும், இந்தா வந்துடும்னு சொல்லிச் சொல்லித்தானே கொண்டாந்தேன். கடைசி வரைக்கும் கண்ணை மூடல, ரோட்டையே பாத்துக்கிட்டிருந்துச்சு."

பெரியவர்கள் பதில் தெரியாமல் நிற்கிறார்கள், எனக்குத்தான் தெரிகிறது என்று நான் முன்னால் வந்தேன்.

"நாங்க நேத்தே வந்துட்டோம் மாமா. இலுப்பை மரத்தடியிலதான் கார்ல படுத்திருந்தோம்."

மாமா என்னைப் பார்த்தார். "அங்க வைக்கப்போருல்ல இருந்துச்சு?"

"போரு இல்ல மாமா, நம்ம காருதான். பனிக்காக அப்பா படுதா போட்டு மூடிட்டாங்க."

அவர் ஏமாந்துவிட்டார் என்பதில் எனக்குச் சிரிப்புகூட வந்தது. யாரும் என்னை அதட்டவில்லை. மாமா எழுந்தார். மாடுகளைப் பிடித்து வந்து தானே நுகத்தில் பூட்டினார். அப்பா காரின் பின்கதவைத் திறந்துகொண்டு, "கார்ல ஏத்திக்குவோம் மாப்பிள்ளை" என்றார். குரல் அப்பாவுடையதாகவே இல்லை.

"வேணாங்க. இனிமே எதுக்கு?"

வண்டி வந்த வழியே திரும்பியது. அதன் பின்னாலேயே எங்கள் கார் மாட்டு நடைக்கு ஊர்ந்து போனது. வழியில் அந்த இலுப்பை மரத்தைத் தாண்டினோம். அப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அம்மா பார்த்தாள்.

பிறகு கார் நாகப்பட்டினத்து ஆள் ஒருவருக்குப் போனது. அப்பா சனிக்கிழமைகளில் திருநள்ளாற்றுக்கு நடந்தே போய், நடந்தே நேரே வீட்டுக்கு வந்தார். சனிக்கு எங்கள் வீட்டில் எடுத்துப் போக இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று அம்மா ஒருமுறை கேட்டாள். எனக்கோ ஒரே கவலைதான், மறுபடி எப்போது காரில் தூங்கப் போவோம் என்பது.

வயிற்றுச் சுமையோடு ஒருத்தி போய்விட்டால், அவள் பேரில் வழியோரம் ஒரு சுமைதாங்கி நடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்கவைப்பார்கள், தோள் உயரத்துக்கு. தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையையும் எதிர்பாராமல் சுமையை அதன்மேல் இறக்கி வைத்து மூச்சு விடலாம். இறக்க முடியாமல் போனவளின் பாரம் அதனால் குறையும் என்று நம்பிக்கை. அத்தைக்கு அதை அப்பாதான் நட்டார். உயிர் பிரிந்த இடத்தில் நடலாம், ஊர் எல்லையில் நடலாம் என்று கல் வேலைக்காரர் சொல்லிப் பார்த்தார். இலுப்பை மரத்தடியில்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

நட்ட அன்று என்னையும் கூட்டிப் போனார். பஸ்ஸில் போய், மீதி வழி நடந்தோம். மாமா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கல் வேலைக்காரர் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டுப் போன பிறகும் அப்பா கிளம்பாமல் நின்றார். காரின் சக்கரம் அழுந்திய தடம் அந்த மண்ணில் இன்னும் கொஞ்சம் இருந்தது. கட்டுச்சோறு வைத்துச் சாப்பிட நல்ல உயரமான மேடை என்று எனக்குப் பட்டது. அப்பாவிடம் சொன்னேன். "ம்" என்றார்.

நேரம் போகவில்லை. வயலுக்கு அந்தப் பக்கம் மாமா வீட்டுக் களத்தில் யாரோ வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார்கள். வேட்டி கட்டிய விதத்தில் மாமாதான் என்று தெரிந்தது. கைகளை வாயில் குவித்துக்கொண்டு, "மாமா!" என்று கூப்பிட்டேன்.

ஒரே தடவைதான் கூப்பிட்டேன். அந்த ஆள் உடனே நிமிர்ந்து, கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். அப்படி அவர் என்னை ஒருநாளும் பிடித்ததில்லை. வலித்தது. பொது இடத்தில் கத்தியதற்குக் கோபம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை. களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு கை புதுக் கல்லின் மேல் இருந்தது.

"கேட்டுடுச்சுப்பா, பாத்தீங்களா?" என்றேன். அவரைச் சமாதானப்படுத்த வேறென்ன சொல்வது என்று தெரியாமல், இன்னொரு தடவை கூப்பிடட்டுமா என்றும் கேட்டேன்.